கேமராவில் வைத்த கண் ஏன் உறுத்துகிறது?

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கல்யாணங்கள் வரிசையாக வந்தன. போட்டோ எடுக்கிற என் தங்கை மகனுக்குப் பன்னிரண்டு நாளில் ஒன்பது விசேஷம். பத்தாவது நாள் வலது கண் சிவந்துவிட்டது. "மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது மாமா. வியூ ஃபைண்டர்ல கண்ணை வெச்சாலே தண்ணியாக் கொட்டுது" என்றான். தங்கச்சிக்குப் பயம் வந்துவிட்டது. "கேமரா வெளிச்சம் கண்ணைத் தின்னுருச்சுண்ணே. அதை வித்துட்டு வேற வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்று ஒரே அழுகை. கேமராவுக்கு இன்னும் பதினான்கு மாதத் தவணை பாக்கி இருந்தது.

கேமராவை விற்கவில்லை. பையன் நேராக ஒரு மருந்துக் கடைக்குப் போய், "கண்ணு சிவந்திருக்கு" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிவந்தான். இரண்டே நாளில் கண் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பாட்டில் கேமராப் பையிலேயே இருந்தது. எப்போது உறுத்தினாலும் இரண்டு சொட்டு. பாட்டில் தீர்ந்தால் இன்னொன்று. ஐந்து வாரம் கழித்துக் கண்ணாடி மாற்றலாம் என்று கண் மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 21-க்குள் இருக்கவேண்டிய கண் அழுத்தம் 30-ஐத் தாண்டியிருந்தது. அவன் விட்டுக்கொண்டிருந்தது ஸ்டீராய்டு கலந்த மருந்து. வலியில்லை, மங்கலில்லை, அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இன்னும் சில மாதம் இப்படியே போயிருந்தால் கண் நரம்பு கெட்டிருக்கும், கெட்ட நரம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார் மருத்துவர்.

கேமரா செய்யாத கேட்டை மருந்து செய்யப் பார்த்தது. நம் பகுதியில் கேமரா வேலைக்குப் போகிற பிள்ளைகள் பல வீடுகளில் இருப்பதால், அந்த உறுத்தல் எதனால் வருகிறது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் தங்கச்சியின் பயம். வியூ ஃபைண்டரில் வருகிற வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா? பழைய வகை டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் தனியாக ஒரு வெளிச்சமும் இல்லை. லென்ஸ் வழியாக வரும் காட்சி ஒரு கண்ணாடியில் பட்டு, மேலே உள்ள பட்டகத்தில் திரும்பி, கண்ணுக்கு வருகிறது. சன்னல் வழியாகப் பார்ப்பதைப் போலத்தான். புதிய மிரர்லெஸ் கேமராவில் உள்ளே ஒரு சின்னத் திரை இருக்கிறது. கைபேசித் திரையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை அருகில் கொண்டுபோனதும் தானே எரிவதற்காகப் பக்கத்தில் ஓர் உணர்கருவி இருக்கும். அதிலிருந்து வருவது டி.வி. ரிமோட்டில் வருகிற வகைக் கதிர், மிகவும் பலவீனமானது. இவற்றால் பார்வை போய்விடாது.

ஒளிக்கும் கண்ணுக்கும் உள்ள உறவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து ஏதோ கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பெரிய அறிஞர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குள் நுழைகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' நூலில் அவர் நிறுவினார். அதற்கு அவர் காட்டிய எளிய சான்றுகளில் ஒன்று, சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறதே என்பது. இருட்டறையின் சிறு துளை வழியே வரும் ஒளியையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய கேமராவின் கதை அந்த இருட்டறையில் தொடங்குகிறது. சூரியன் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

சரி, வெளிச்சம் காரணமில்லை என்றால் உறுத்தல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கண் காய்ந்துபோவதிலிருந்து. நாம் சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் கருவிழி மேல் புதிதாக ஒரு கண்ணீர்ப் படலத்தைப் பூசிவிட்டுப் போகிறது. மாப்பிள்ளை கருகமணி கட்டுகிற கணத்துக்காகக் காத்திருக்கும் போட்டோகிராபர் சிமிட்டுவதில்லை. உற்றுப் பார்க்கும்போது சிமிட்டல் பாதிக்கும் கீழே போய்விடும், சிலருக்கு ஐந்தாறு முறையாகக் குறையும். அதற்குள் படலம் கிழிந்து, கருவிழி காற்றில் நிற்கிறது. மண்டபத்து ஏ.சி., பக்கத்தில் சுழலும் பெரிய மின்விசிறி, சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலத்தில் ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தவர்கள் இன்னும் பாவம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணுக்கே முகம் வெந்துபோகும். எல்.இ.டி. வந்தபிறகு சூடு குறைந்திருக்கிறது.

"கண்ணிலிருந்து தண்ணி கொட்டுது, நீங்க காய்ஞ்சு போச்சுன்னு சொல்றீங்களே?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. கண் காய்ந்து எரிச்சல் எடுத்ததும் சுரப்பி பதறிப்போய் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. அது வெறும் தண்ணீர், படலமாக ஒட்டி நிற்காது. நல்ல கண்ணீரில் எண்ணெய்ப் பசையும் உண்டு, அது இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வருவது. அதனால்தான் கன்னத்தில் வழிகிற அளவு நீர் வந்தும் உறுத்தல் போவதில்லை.

இதற்கு மருந்தைவிடப் பழக்கம்தான் உதவும். நாலைந்து படம் எடுத்ததும் கேமராவை இறக்கி, கண்ணை முழுதாக மூடி மூன்று நான்கு முறை திறக்க வேண்டும். அரை இமையாக அடிக்கிற சிமிட்டல் போதாது. வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமை மேல் ஐந்து நிமிடம் வைத்தால் இமை ஓரத்துச் சுரப்பிகள் இளகும். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு இல்லாத, 'செயற்கைக் கண்ணீர்' என்கிற சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெண்கள் பகுதியில் படம் எடுக்கிற சகோதரிகளுக்கு ஒரு சொல். நிகாப் அணிந்து வேலை செய்யும்போது, துணியின் மேல் விளிம்பு தளர்வாக இருந்தால் மூச்சுக் காற்று மேல்நோக்கி வந்து கண்ணை நேராகக் காயவைக்கும். கொரோனா காலத்தில் முகக்கவசம் போட்டவர்கள் பலருக்கு இது நேர்ந்தது. மூக்குத்தண்டின் மேல் துணி சற்று இறுக்கமாகப் படிந்திருந்தால் தொல்லை குறையும்.

அடுத்தது, பலர் தொட்டே பார்க்காத ஒரு திருகு. வியூ ஃபைண்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும், டயாப்டர் என்பார்கள். பழைய கேமரா வாங்கும்போது முன்னால் வைத்திருந்தவர் தன் கண்ணுக்குத் திருப்பி வைத்ததிலேயே அது நின்றுகொண்டிருக்கும். இவன் கண்ணுக்கு அது பொருந்தாது. ஆனாலும் இளம் கண் விட்டுக்கொடுத்து எப்படியோ தெளிவாக்கிக்கொள்ளும். மாலைக்குள் நெற்றி வலி, கண் வலி. சரிசெய்வது எளிது. கேமராவை வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து, உள்ளே தெரியும் எண்களும் கோடுகளும் கூர்மையாகத் தெரியும்வரை அந்தச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது, எண்களைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். பல மாடல்களில் இந்தத் திருகு மைனஸ் 3 முதல் பிளஸ் 1 வரையே போகும். அதற்கு மேல் பவர் உள்ளவர்களும் சிலிண்டர் பவர் உள்ளவர்களும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்ப்பது நல்லது.

இன்னொரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே ஒரு நாள் முழுக்கப் படம் எடுப்பவர்களுக்கு இமை துடிக்கும். அதற்கு வேறு பலன் எதுவும் பார்க்க வேண்டியதில்லை, தசை களைத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கண்ணையும் திறந்தே வைக்கப் பழகிவிட்டால் நின்றுவிடும். பழக ஒரு வாரமாகும்.

இனி ரப்பர். கண்ணைப் பதிக்கிற இடத்தில் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தை ஒருமுறை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். மதுரை வெயிலில் வழிந்த வியர்வையின் உப்பு, முகத்து எண்ணெய், பவுடர், அத்தர், தூசி எல்லாம் கைக்குட்டையில் வரும். அதைத்தான் நாள் முழுக்க இமை ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். பழைய ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுப்பாகிவிடும், சிலருக்கு அதுவே ஒவ்வாமை கொடுத்து இமையைச் சுற்றித் தோல் சிவந்து அரிக்கும். பெரும்பாலான மாடல்களில் இந்த வளையம் கழன்று வரும். கழற்றி, சாதாரண சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும். தொழுகைக்கு ஒளூச் செய்கிறபோது முகத்து வியர்வை போய்விடுகிறது. அந்த இடைவேளையிலேயே வளையத்தையும் ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துக்கொள்ளலாம். கைக்கு அடிக்கிற சானிடைசரை ரப்பரில் அடித்த உடனே கண்ணை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எரிச்சல் தனி.

சுருமா பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுன்னத் என்று இடுகிறவர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கடையில் சுருமா என்று விற்கிற கறுப்புப் பொடிகள் பலவற்றில் இருப்பது காரீயம் கலந்த கல்லின் தூள் என்பது பல நாடுகளில் சோதித்துக் கண்ட உண்மை. அது உடம்புக்கு நஞ்சு, சிறு பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். போதாததற்கு, கண்ணில் இட்ட பொடி ரப்பரில் ஒட்டி, வியர்வையில் கரைந்து, மறுபடி கண்ணுக்கே வருகிறது. காரீயம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பயன்படுத்துங்கள். வேலைக்குப் போகிற நாளில் அதையும் தவிர்ப்பது நல்லது.

இதுவரை சொன்னவை தொல்லைகள். இனிச் சொல்வது நோய்.

கல்யாண வீட்டில் ஒரே கேமராவை எத்தனை பேர் கண்ணில் வைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எடுப்பவர், உதவியாள், "அண்ணே ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று வருகிற மாப்பிள்ளையின் தோழர்கள், நாலைந்து குழந்தைகள். அதில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் போதும். சென்னையில் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நோயைப் பார்வையால் ஒட்டிக்கொள்ள முடியாது, கண் நீர் பட்ட கை, துணி, பொருள் வழியாகத்தான் ஒட்டும். கேமரா ரப்பர் அப்படிப்பட்ட பொருள்தான். இதை உண்டாக்கும் அடினோ வைரஸ் பொருள்களின் மேல் பல நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது, சானிடைசருக்கு எளிதில் அடங்காதது. ஆகவே இரவல் கொடுக்காமல் இருப்பதுதான் வழி. உதவியாளுக்கென்று தனி ரப்பர் வளையம் வாங்கிக் கொடுத்துவிட்டால் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பொருள். கண் சிவந்து, பீளை வந்து, இமை ஒட்டிக்கொள்கிற நிலையில் இருப்பவர் ஒன்றிரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் இருப்பதே மற்றவர்களுக்குச் செய்யும் உதவி. தனித் துண்டு, தனித் தலையணை உறை. பள்ளிவாசல் ஹவுளுப் பக்கம் தொங்குகிற பொதுத் துண்டில் முகம் துடைக்கிற வழக்கத்தை அந்த நாள்களிலாவது விட வேண்டும். இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து இதைக் கொல்லாது, பெரும்பாலும் தானே அடங்கும்.

இப்போது சூரியன். மாலை வெளிச்சத்தில் மணமக்களைச் சூரியனுக்கு முன்னால் நிறுத்தி எடுப்பது இப்போது மோஸ்தர். டி.எஸ்.எல்.ஆர். வியூ ஃபைண்டரில் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, லென்ஸ் அதைக் குவித்து விழித்திரையில் இறக்கிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் சுட்டது அப்போது தெரியாமல், பின்னால் நடுப்பார்வையில் ஒரு கறையாகத் தெரியும். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கம் நெருப்பு வளையமாகத் தெரிந்த கிரகணத்தை நம் ஊரிலும் பலர் அண்ணாந்து பார்த்தார்கள். வடிகட்டி போடாத கேமராவில் பார்ப்பது வெறுங்கண்ணால் பார்ப்பதைவிட மோசம். இப்னுல் ஹைதம் கிரகணத்தின் வடிவத்தை ஆராய்ந்தது சிறு துளை வழியே விழுந்த பிம்பத்தில். மிரர்லெஸ் கேமராவில் கண் தப்பித்துவிடும், கேமராவின் சென்சார் வெந்துபோகலாம்.

சொட்டு மருந்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது அதுதான். ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சில நோய்களுக்கும் மருத்துவர்களே கொடுக்கிறார்கள், நாள் எண்ணி, அழுத்தம் பார்த்துக் கொடுக்கிறார்கள். சிவப்பை இரண்டே நாளில் எடுத்துவிடும் என்பதுதான் அதன் ஆபத்து. நமக்கு நல்ல மருந்து என்று தோன்றிவிடுகிறது. பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், படிக்கச் சொல்லலாம். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் இவை. "போன தடவ கொடுத்தாங்க", "மச்சானுக்குக் கேட்டுச்சு" என்பதெல்லாம் சீட்டு ஆகாது.

கண்ணில் பூஞ்சைப் புண் இருக்கும்போது இந்த மருந்து பட்டால் நிலைமை இன்னும் மோசம். நெல் தாள், கரும்புச் சோகை, மரக்கிளை கண்ணில் பட்டு வருகிற பூஞ்சைப் புண் மதுரை சுற்றுவட்டாரத்துக்குப் புதிதல்ல. தோப்பிலும் வயலிலும் மணமக்களை நிறுத்திப் படம் எடுக்கப் போகிற பையன்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்டீராய்டு அந்தப் பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு விடுவதும் இதே காரணத்தால் வேண்டாம். பெரியவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள், ஆனால் சுத்தம் இல்லாத எதுவும் காயம்பட்ட கண்ணுக்குள் போகக் கூடாது.

உறுத்தல் இரண்டு நாள் ஓய்வில் குறைந்தால் பயமில்லை. வலி இருந்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊரில் இதற்குக் குறையே இல்லை. அரசு இராஜாஜி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. அந்த விரல்களோடுதான் அவர் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தார். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆள்கள் தேடி வருகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு நாம் கடையில் சொட்டு மருந்து வாங்குகிறோம். போகும்போது விட்டுக்கொண்டிருந்த எல்லா மருந்துப் பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

ரமலானில் கேட்கிறவர்களுக்கு: ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. மருத்துவர் ஆறு வேளை விடச் சொன்னால் ஆறு வேளையும் விடலாம். ஐயம் இருந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

தங்கை மகனுக்குக் கண் அழுத்தம் இப்போது சரியாக இருக்கிறது. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் இறங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒருமுறை ஸ்டீராய்டால் அழுத்தம் ஏறிய கண்ணுக்கு மறுமுறையும் ஏறலாம். அதனால் எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சளிக்கு மூக்கில் அடிக்கிற ஸ்பிரே, முகத்தில் பூசுகிற சில களிம்புகளிலும் ஸ்டீராய்டு உண்டாம். அந்தச் சீட்டை மடித்துக் கேமராப் பையில், முன்பு சொட்டு மருந்து வைத்திருந்த அறையில் வைத்திருக்கிறான். கூடவே ஒரு உபரி ரப்பர் வளையம். தவணை இன்னும் மூன்று மாதம் பாக்கி.